தொகையும் விரியும்: ஒரு நலப் பட்டியலை வாசித்தல்

'மக்கள்தொகை' என்ற சொல்லில் வரும் தொகையைக் கூட்டுத்தொகை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். தமிழ் எம்.ஏ. படித்துத் தொலைத்தவனுக்கு அங்கே இன்னொன்றும் காதில் விழும். 'பால்குடம்' ஒரு தொகை. விரித்தால் பாலைக் கொண்ட குடம். இடையில் உருபும் பயனும் மறைந்து நிற்கின்றன. இப்படி மறைவதால்தான் தொகை என்பார் உரையாசிரியருள் ஒரு சாரார். சொற்கள் பிளவுபடாமல் ஒருசொல் போல நிற்பதால் தொகை என்பார் மறுசாரார். சுகாதாரக் குறியீடு என்று இப்போது அரசுகள் வெளியிடும் பட்டியல்களைப் பார்த்தால் இரண்டு கட்சியுமே சரி என்று படுகிறது. ஒன்றாக்குவதும் மறைப்பதும் அங்கே ஒரே வேலை.

2021 டிசம்பரில் நிதி ஆயோக் தன் மாநிலச் சுகாதாரக் குறியீட்டின் நான்காம் சுற்றை வெளியிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளம் 82.20 புள்ளியோடு முதலிடம், தமிழ்நாடு 72.42 உடன் இரண்டாமிடம், உத்தரப் பிரதேசம் 30.57 உடன் கடைசி. 24 அளவைகளை எடைபோட்டுக் கூட்டி ஒற்றை எண்ணாக்கிய தொகை இது. இதே தமிழ்நாடு 2019 ஜூனில் வந்த இரண்டாம் சுற்றில் மூன்றிலிருந்து ஒன்பதாமிடத்துக்கு இறங்கியிருந்தது. அப்போது 'பட்டியலே தப்பு' என்று என்னிடம் வாதாடிய நண்பர்கள் 2021இல் அதே பட்டியலைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அது கிடக்கட்டும். சிசு மரணம், தாய் மரணம், தடுப்பூசி இவற்றில் இந்த மாநிலம் செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கிராமத்து நர்சம்மாக்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

என் கேள்வி பட்டியலைப் பிரதியாக வாசிப்பது பற்றியது. ஒரு பிரதியின் மௌனங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை, அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. தொற்றா நோய்கள், மனநலம், மருத்துவச் செலவால் குடும்பம் கடனில் விழுவது, இவற்றுக்கெல்லாம் ஆண்டுதோறும் நம்பத்தக்க தரவு கிடைக்காததால் சரிவரச் சேர்க்க முடியவில்லை என்கிறது. பல அளவைகள் அரசு நிலையங்களின் கணக்கை மட்டும் வைத்தவை. தனியாரின் கணக்கு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கோயமுத்தூர்க்காரன் இதை எப்படி வாசிப்பான்? அவிநாசி ரோட்டின் இருபுறமும் தனியார் ஆஸ்பத்திரிகளாக நிற்கிற ஊர் இது. ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு ஒரு கட்டம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 99.6 சதவீதம். அதே ஆய்வில் 44.9 சதவீதப் பிரசவங்கள் கத்தி வைத்து நடந்தவை. முதல் எண் மதிப்பெண்ணாகிறது, இரண்டாவது எண் அறிக்கையின் பின்பக்கத்தில் கிடக்கிறது.

நம்ம ஊர்க் கோளாறு மட்டும் இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் 2000இல் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளை வரிசைப்படுத்தியது. பிரான்சு முதலிடம், இத்தாலி இரண்டாமிடம், இந்தியா 112. பல நாடுகளுக்குத் தரவே இல்லாமல் மதிப்பீட்டால் கட்டங்களை நிரப்பியிருந்தார்கள். விமர்சனம் கிழித்தெடுத்தது. அப்படி ஒரு வரிசையை அந்த நிறுவனம் பிறகு வெளியிடவே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலையிட விபத்துக் கணக்கு இன்னும் சுவையானது. சாவு நேராத விபத்துகள் மிகக் குறைவாகப் பதிவாகும் நாடுகளில் ருமேனியாவும் பல்கேரியாவும் முன்னால் நிற்கின்றன. அப்படியானால் அங்கே தொழிலாளி பத்திரமாக இருக்கிறானா? வேலையில் செத்தவர்களின் விகிதத்தைப் பார்த்தால் அதே நாடுகள் மேல்வரிசையில் இருக்கின்றன. விரல் போனதை மறைத்துவிடலாம், பிணத்தை மறைப்பது கஷ்டம். பதிவு செய்தால் தொழிலாளிக்கு இழப்பீடு வரும் என்ற ஏற்பாடு உறுதியாக உள்ள நாடுகளில் விபத்துகள் கூடுதலாகத் தெரிகின்றன. கணக்கில் நோயாளியாகத் தெரிகிற நாடு நேர்மையாக எழுதிக்கொண்ட நாடாகவும் இருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு அப்புச்சி ஞாபகம் வந்தது, அம்மாவைப் பெற்றவர். சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் கார்டிங்கில் இருபத்தேழு வருசம். பஞ்சை முடியாகச் சீவுகிற இடம், காற்றே வெள்ளையாக இருக்கும். அவர் சொல்லுவார்: "லீவு முடிஞ்சு போற அன்னிக்கு நெஞ்சை இறுக்கிப் புடிக்குது. ரெண்டு நாள் போனாச் செரியாப் போயிருது." பிறகு செரியாகவில்லை. ஆஸ்துமா என்று எழுதினார்கள். பீடியை விடுங்க என்றார் ஒரு டாக்டர். "அவிய பீடியவே தொட்டதில்லீங்க" என்று அம்முச்சி சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை. 2006இல் செத்தபோது காரணம் வயோதிகம்.

அவர் நோய்க்குப் பெயர் உண்டு, பைசினோசிஸ். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று பட்டியலிட்டது. பார்க்கிற டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955இல் முதலில் வந்ததும் கோயமுத்தூருக்குத்தான். சட்டம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, நோயும் இருந்தது. எழுதுகிற கை மட்டும் இல்லை.

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் இந்த நோயை ஆராய்ந்த ரிச்சர்டு ஷில்லிங் என்ற மருத்துவர் அதைத் தரம்பிரித்த விதம்தான் என்னை உலுக்கியது. அவர் தொழிலாளியிடம் கேட்டார்: நெஞ்சு இறுகுவது வாரத்தின் முதல் வேலைநாளில் மட்டுமா, மற்ற நாட்களிலும் உண்டா? முதல் நாள் மட்டும் என்றால் முதல் தரம், மற்ற நாட்களிலும் என்றால் அடுத்த தரம். அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வாக்கியம் அப்படியே அந்த அளவுகோலின் முதல் படி. உலகத் தரமான அளவை ஒன்று தொழிலாளியின் பேச்சிலிருந்து செய்யப்பட்டிருக்கிறது. அதே பேச்சு எங்கள் வீட்டில் புலம்பலாகவே நின்றுபோனது.

இங்கே சிறுபத்திரிகை நண்பர்களோடு எனக்குச் சண்டை. எண்ணுவதே அதிகாரம், உடல்களைக் கணக்கெடுப்பது ஆளுவதற்கான தந்திரம் என்று பூக்கோவை வைத்து எளிதாக முடித்துவிடுகிறார்கள். பூக்கோ சொன்னதில் பாதி உண்மை. எண்ணப்படாமல் விட்டதும் அதே அதிகாரம் செய்த வேலைதானே? எங்கள் அப்புச்சியை யாரும் கண்காணிக்கவில்லை. அதனால் அவர் விடுதலையாகவும் இல்லை. பிரிட்டனில் 1941இல் இந்த நோய்க்கு இழப்பீடு வந்தது கணக்குக் கேட்டுப் போராடியதால். அதுவும் கார்டிங் பகுதியில் 20 வருடம் உழைத்து முழுக்க முடங்கிப்போன ஆண்களுக்கு மட்டும். அந்தத் தூசியில் நின்ற பெண்கள் வெகுகாலம் கழித்தே கணக்குக்குள் வந்தார்கள்.

தொகைகளில் அன்மொழித்தொகை என்று ஒன்று உண்டு. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தவள் ஒரு பெண். அந்தப் பெண் 'பொன்'னிலும் இல்லை, 'தொடி'யிலும் இல்லை. வெளியிலிருந்து நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து மில் விடுதிகளில் இருக்கும் பெண்கள் நம் நலப் பட்டியலுக்கு அப்படித்தான். மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் தெரியாத மாத்திரை கொடுத்தார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை எழுதிய பிறகுதான் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்களின் அந்தத் துன்பம் செய்தியானது. ஒரு செய்தி நிறுவனம் தட்டும்வரை நம் 24 அளவைகளுக்கு அது தெரியாது.

போன வருசம் பல்லடம் பக்கம் அப்படி ஒரு விடுதிப் பெண்ணிடம், தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஷில்லிங்கின் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். லீவு முடிஞ்சு மொதல் நாள் ஷிப்டுக்குப் போனா நெஞ்சு இறுக்குதாம்மா? அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்களுக்கு லீவே கெடையாதேண்ணா. மொதல் நாள்னு எதைச் சொல்ல?"