கடன்மல்லையும் தேடுபொறியும்: பள்ளி நூலகர்க்குரிய இணையக் கருவிகள் பற்றிய ஒரு திறனாய்வு

பள்ளி நூலகராகப் பணிபுரிய விழைவார்க்கு இணையத்தில் கிடைக்கும் துணைக்கருவிகள் பலவாம். அவற்றைத் தொகுத்துரைக்கும் பட்டியல்களும் பல. ஆயின் அப்பட்டியல்கள் ஒவ்வொரு கருவியும் எத்துணை நூல்களை உடையது என்று எண்ணிக் கூறுவனவேயன்றி, வேண்டிய நூலை வேண்டியவர் கையில் சேர்ப்பதற்கு அஃது எவ்வளவு உதவும் என ஆராய்வன அல்ல. அவ்வாராய்ச்சியையே ஈண்டு யாம் மேற்கொள்கின்றோம். அதற்கு அளவுகோலாக ஒரு வினாவை வைத்துக்கொள்வோம். மாமல்லபுரக் கடற்கரையிலுள்ள தேவனேரியிலிருந்தோ கொக்கிலமேட்டிலிருந்தோ பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தி, எங்கள் ஊர்ப்புறத்தைப் பற்றி எழுதப்பட்டவை யாவை என்று நூலகரை வினவுவாளாயின், இணையக் கருவிகளைக்கொண்டு அவர் அதற்கு விடை தருதல் இயலுமா?

வினா சிறிது, விடை எளிதன்று. ஏனெனில் அவ்வூர் ஒரு பெயர் உடையதன்று. பூதத்தாழ்வார் அதனை மாமல்லை என்பர். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் இரண்டு திருமொழிகளால் கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடுவர். முதலாம் இராசராசன் காலத்துக் கடற்கரைக் கோயிற் கல்வெட்டு மாமல்லபுரம் என்றே குறிக்கும். ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோயில்கள் எனப் பொருள்படும் 'செவன் பகோடாஸ்' என்ற பெயரை இட்டு வழங்கினர். 1869இல் கார் என்பார் தொகுத்து வெளியிட்ட பெரிய கட்டுரைத் தொகுதி அப்பெயரையே தலைப்பிற் கொண்டது. யுனெஸ்கோ 1984இல் இவ்வூர்ச் சின்னங்களை உலக மரபுப் பட்டியலிற் சேர்த்தபோது எழுதிக்கொண்டது மகாபலிபுரம் என்பது. மாவலிபுரம், மாவலிவரம் என்னும் வழக்குகள் வேறு.

மாவட்டத்தின் நிலையும் இதுவே. குரோல் என்பார் 1879இல் வெளியிட்ட மாவட்டக் கையேடு 'சிங்கிள்புட்' என்னும் ஆங்கில வடிவத்தின்கீழ்க் கிடைக்கும். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் எழுந்த மாவட்ட ஏடுகள் காஞ்சிபுரம் என்ற தலைப்பின்கீழ் அடங்கிக் கிடக்கும். இதனை அறியாத நூலகர், நூல் இருந்தும் இல்லை என்று மாணவியைத் திருப்பி அனுப்பிவிடுவார். கருவிகளை ஆராயப் புகுவார் முதற்கண் கருதவேண்டிய இடர் இதுவே என்பது எம் கருத்து.

இனி, கருவிகளைக் காண்போம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலர் கூடித் தட்டச்சுச் செய்து பிழைதிருத்திய பழநூல்களை விலையின்றி வழங்குவது. ஊதியம் கருதாத உழைப்பால் உருவான அதன் பெருமையை எவ்வளவு கூறினும் தகும். எனினும் நம் வினாவை அதன்முன் வைப்பின், ஓர் இடையூறு தோன்றும். கடல், மல்லை என்னும் இரு சொற்களும் புணருங்கால் லகரம் னகரமாகத் திரிந்து கடன்மல்லை ஆதல் இலக்கண முறை. பதிப்புகளில் இயல்பாய வடிவும் திரிந்த வடிவும் ஆகிய இரண்டும் வழங்குகின்றன. ஒரு வடிவைத் தேடுவார்க்கு மற்றது அகப்படாது. கணினி எழுத்துவரிசையை அறியுமேயன்றிப் புணர்ச்சியை அறியாது. பெரும்பாணாற்றுப்படையிலும் இவ்விடர் உண்டு. அதன்கண் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைப்பட்டினம் மாமல்லபுரமே என்பாரும், அன்று என மறுப்பாரும் உளர். அவ்வழக்கு நிற்க. சீர் பிரித்து அச்சிடுங்கால் அப்பெயரின் ஈற்றெழுத்துப் பிரிந்து அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்வதால், முழுப்பெயரை இட்டுத் தேடுவார்க்கு அவ்வடி தோன்றுவதே இல்லை. நூல் அங்குளது, அடியும் அங்குளது, பெயர் மட்டும் உடைந்து கிடக்கின்றது. பாட்டைப் படித்தறிந்தவரே அதனை எடுத்துக் காட்டவல்லர்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வேறு வகையது. அதன்கண் அரிய நூல்களும் இதழ்களும் பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. அச்சேறிய வண்ணமே நூலைக் காணலாம். பதிப்பாண்டும் பதிப்பகமும் ஐயமறத் துணியலாம். ஆராய்வார்க்கு இது பெரும்பேறு. ஆயின் படத்தினுள் இருக்கும் சொல்லைத் தேடுதல் அரிது; நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் அறிந்தார்க்கே வாயில் திறக்கும். எழுத்துணரும் மென்பொருள் இக்குறையை நீக்கிவிடும் என்பாரும் உளர். ஓரளவு உண்மையே. ஆயினும் 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொள்ளுமுன் வெளிவந்த நூல்களில் லை, ளை, ணை, னை என்பன பழைய வடிவில் அச்சாயின. புதிய வடிவங்களிற் பயின்ற மென்பொருள் அவற்றைப் பிழைபடப் படித்தல் உண்டு. மல்லை என்னும் பெயரின் ஈற்றெழுத்தே அவ்வகையைச் சார்ந்தது என்பதனை நோக்குக.

இவ்விரண்டனோடும் ஒப்பிடுமிடத்து, ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூற்களஞ்சியம் ஒரு கூறில் மேம்பட்டு நிற்கின்றது. ஆங்குப் பல நூல்களுக்கும் இதழ்களுக்கும் உள்ளடக்கப் பகுதி தனியே தட்டச்சுச் செய்து சேர்க்கப்பட்டுளது. எனவே நூலின் உள்ளே அடங்கிய கட்டுரையின் தலைப்பும் தேடுவார் கண்ணிற் படும். ஒரு நூலுக்குச் சில மணித்துளிகளே வேண்டும் இவ்வெளிய பணி, ஓராயிரம் படப்பக்கங்களுக்கு உயிர் தருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட மக்கள், நூலைக் காத்தலோடு நில்லாது அதனைக் கண்டடையும் வழியையும் காத்தனர் போலும். பள்ளி மலர்கள், ஊர் மலர்கள், நினைவு மலர்கள் முதலியவற்றையும் அவர்கள் நூலோடு ஒப்ப மதித்துச் சேர்த்துள்ளனர். செங்கல்பட்டுப் பகுதிப் பள்ளிகளின் ஆண்டுமலர்களை இவ்வாறு தொகுத்து உள்ளடக்கம் எழுதிவைத்தல், அங்குப் பணியேற்கும் நூலகர் எவரும் செய்யத்தக்கதே.

சிறார் நூல்களைப் பொறுத்தவரை, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் படநூல்களைப் படிநிலை வகுத்துத் தருகின்றது. படியெடுக்கவும் அச்சிடவும் உரிமை வழங்குகின்றது. மொழிபெயர்ப்புகள் மிகுதியாதலின் நடையை நோக்கித் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வளர்ந்த மாணவர்க்குக் கல்கியின் சிவகாமியின் சபதம் உண்டு. அவர் 1954இல் மறைந்தமையின், அறுபதாண்டுப் பதிப்புரிமைக் காலமும் கழிந்து அவர்தம் நூல்கள் இன்று பொதுவுடைமையே. அந்நாவலை வரலாறு எனக் கொண்டுவிடாது, வரலாற்று நூலொன்றையும் உடன்வைத்துக் கொடுப்பது நூலகர் கடன்.

தொழிற்கல்விக்குரிய கருவிகளைப் பற்றி நீட்டித்துக் கூறவேண்டுவதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஈஞான்கோஷ் என்னும் களஞ்சியத்தில் நூலகவியற் பாடங்கள் கிடைக்கின்றன. பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு 2015இல் திருத்தி வெளியிட்ட பள்ளி நூலக நெறிமுறைகளும் படிக்கத்தக்கன. நியூசிலாந்தில் உருவான கோஹா என்னும் மென்பொருள், விலையின்றிப் பெற்றுத் தமிழிலேயே பட்டியல் அமைக்க இடந்தருவது. ஆனால் இப்பாடங்களைத் தமிழிற் படிக்க விழைவார்க்கு வழி குறுகியதே. உலகப் பட்டியலாகிய வேர்ல்டுகேட்டில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோம எழுத்துப்பெயர்ப்பிலேயே காணப்படும். அம்முறையில் சகரத்துக்குரிய எழுத்து, நாம் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எழுதுங்கால் இடுவதனின் வேறு. இதனையும் அறிந்திராவிடின் செங்கல்பட்டு அங்கும் மறைந்துவிடும்.

சீகாழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளுள் நான்காவது படிப்பவரின் நேரத்தைப் பேணுவது பற்றியது. அவ்விதியைக் கொண்டு நோக்குவார்க்கு இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவாயதோர் இன்மை புலனாகும்: ஒரு பொருளின் பல பெயர்களையும் ஒருங்கிணைத்துக் காட்டும் பெயரட்டை தமிழிடங்கட்குப் போதிய அளவில் இல்லை. அதனைப் பெருநிறுவனங்கள் செய்யும் என்று காத்திருத்தல் வேண்டா. ஒரு பள்ளி நூலகர் தம் ஊரைச் சூழ்ந்த ஐம்பது இடங்களுக்கு அட்டை எழுதிவிடலாம். அவ்வட்டையே மற்றைக் கருவிகளைத் திறக்கும் திறவுகோலாம். நூலகப் பயிற்சித் தாள்களில் இணைய முகவரிகளை மனப்பாடம் செய்வித்தலினும் இப்பணி பயன் மிகுந்தது.

இஃது ஏட்டளவான வாதம் அன்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின், கடலுள் மூழ்கிய ஏழு கோயில்கள் வெளிப்பட்டன என்னும் செய்தி இணையமெங்கும் பரவியது. இன்றும் மாணவர் அதனையே முதலிற் காண்பர். நிகழ்ந்தது வேறு. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்தமையால் பாறையொன்றில் கல்வெட்டுப் பகுதிகள் தோன்றின. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்தது அதனுள் ஒன்று. அக்கல்வெட்டுகள் திருவிழிச்சில் என்னும் ஊரிலிருந்த முருகன் கோயிலைக் குறித்தன. அக்குறிப்பைத் தொடர்ந்து 2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மேட்டை அகழ்ந்தபோது கோயில் வெளிப்பட்டது. அதன் அடியில் இருந்த செங்கற் கட்டுமானத்தைச் சங்க காலத்தது என அகழ்ந்தோர் கருதினர். சாளுவன்குப்பம் என்னும் இக்காலப் பெயரை மட்டும் அறிந்தார்க்கு அக்கல்வெட்டுச் செய்தி இவ்விடத்தைப் பற்றியது என்று தோன்றாது. ஆகவே சாளுவன்குப்பத்திற்கு எழுதும் அட்டையில் திருவிழிச்சில் என்பதனை முதலிற் குறித்து, அதன்கீழ்ப் புலிக்குகையையும் அதிரணசண்ட மண்டபத்தையும் சேர்த்து, காஞ்சிபுரம் மாவட்டம் என்ற தலைப்பிலும் காண்க என ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும்.