பதினாலு மணி நேர முதலுதவி

மயக்கம் போட்டு விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். பதினைந்து வயசுப் பையன் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், நண்பர்களை ஒதுக்கிவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தால்? 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுவோம். இந்த இடைவெளியைத்தான் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அவர் கணவர் ஆன்டனி ஜார்மும் பிடித்தார்கள். (நாயோடு வாக்கிங் போகும்போது உதித்த யோசனையாம்!) 2000-ல் 'மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட்' பிறந்தது. பெட்டி தானே மனச்சோர்வோடு மல்லுக்கட்டியவர். பாடத்தில் புத்தக வாசனை குறைவாக இருப்பது அதனால்தானோ என்னவோ.

டீன் ஏஜ் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கான வகுப்பு பிறகு வந்தது. ஆஸ்திரேலியாவில் 14 மணி நேரம். யாரையும் டாக்டராக்கும் உத்தேசமில்லை. பக்கத்தில் உட்கார், தீர்ப்பு சொல்லாமல் காது கொடு, தகுந்த உதவிக்கு அனுப்பு... அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது, தற்கொலை பற்றிய பகுதி. 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கச் சொல்கிறார்கள். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்தக் கேள்வியை நாக்குத் தடுமாறாமல் கேட்கப் பழகுவதற்கே ஃபீஸ் கட்டலாம். 'நீ தப்பா ஒண்ணும் நினைக்கலியே?' என்று சுற்றி வளைத்தால், 'இல்லை' என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

சரி, பி.காம். படித்தவன் புத்தி... வரவு என்ன? பயிற்சி எடுத்தவர்களுக்கு விவரமும் தைரியமும் கூடுகிறது. இது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து, பயிற்சி கொடுத்த பள்ளிகளையும் கொடுக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். 2021-ல் முடிவு வந்தது. மாணவர் மனநலத்தில் வித்தியாசமில்லை. ஆசிரியர்களுக்கும் இல்லை. 2023-ல் காக்ரேன் குழு, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, பலன் உண்டு, இல்லை என்று எதையும் சொல்ல ஆதாரம் போதாது என்றது.

உடனே வகுப்பை இழுத்து மூடச் சொல்வது அபத்தம். அந்தப் பள்ளிகளில், மாணவர்களுக்கு உதவுவதற்காகப் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். அதுவும் ஒரே ஒரு நாள். உப்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு குளம் கரிக்கவில்லையே என்றால் எப்படி?

எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை ஆயிரம் பேருக்கு சர்டிபிகேட் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது செலவுக் கணக்கு. உதவிக்கு அனுப்பு என்கிறது பாடம். இங்கிலாந்தில் அரசு மனநல சேவைக்குப் பிள்ளைகள் மாசக் கணக்கில் காத்திருப்பது ஊரறிந்த சேதி. ஆசிரியை கேட்டுவிட்டார், பையனும் 'ஆமா, தோணுது' என்று சொல்லிவிட்டான். டாக்டர் முறை வருகிற வரைக்கும் தினம் காலையில் அவனை வகுப்பில் பார்க்கப் போவது அவர்தான். அந்த மாசங்களுக்கு அவருக்கு யார் துணை?