அண்ணாவின் வாக்கும் வெட்டுப்புள்ளியும்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ரம்புக்கனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கம்பஸ் தெரிவு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை விரிப்பார்கள். கேகாலை மாவட்டத்துக்கான போன வருட வெட்டுப்புள்ளிகளைத் தங்கள் இசட் புள்ளியோடு ஒப்பிடுவார்கள். பிறகு, ஏற்கெனவே கம்பஸ் போன அண்ணா ஒருவருக்கோ அக்கா ஒருவருக்கோ அழைப்பு எடுப்பார்கள். அவர் சொல்லும் வரிசைதான் விண்ணப்பத்தில் விழும்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வெட்டுப்புள்ளி பொய் சொல்வதில்லை. பெரும்பாலான பாடநெறிகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. இந்தப் பதினாறில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. மாகாணம் ஒன்று, லயத்து வாழ்க்கையும் ஒன்று. ஆனாலும் இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடைப் பக்கத்தில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு இருக்கும் கூடுதல் வாய்ப்பு ரம்புக்கனைப் பிள்ளைக்குக் கிடையாது. அந்த உறவுக்காரரின் கணக்கை இரவல் வாங்கி நம்பியிருப்பவர் ஏமாறுவார். தன் மாவட்டத்து எண்ணைப் பார்ப்பது அதனால்தான் சரியான தொடக்கம்.

அண்ணாவின் வாக்குக்கும் மதிப்பு உண்டு. மகாபொல புலமைப்பரிசில் பணம் எத்தனை மாதம் பிந்தும், எந்த ஆண்டில் விடுதி கிடைக்கும், தமிழ்மூலம் படிக்கலாம் என்று எழுதியிருக்கும் பாடத்துக்கு உண்மையில் தமிழ் விரிவுரையாளர் இருக்கிறாரா என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் வராது. குடும்பத்திலேயே முதலாவதாகக் கம்பஸ் போகும் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பிரச்சினை, கேட்கப்படும் ஆள் ஒருவர்தான் என்பதில் தொடங்குகிறது. அவர் பார்த்தது ஒரு பீடம், ஒரு பெச். ஒரே வளாகத்துக்குள் கலைப்பீடத்தின் வாழ்க்கை வேறு, மருத்துவ பீடத்தின் வாழ்க்கை வேறு. ஆனால் தோட்டத்துக்கு வந்துசேரும்போது அது ‘பேராதனை நல்லது’, ‘யாழ்ப்பாணம் சரிவராது’ என்று சுருங்கிவிடுகிறது. தமிழர் நிறைந்த இடமென்றால் சுகமாக இருக்கும் என்ற கணக்கும் முழுக்கச் சரியில்லை. பேச்சு, சாப்பாடு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் தமிழர்களுக்குள்ளும் உண்டு. அது மலையகப் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல.

பகிடிவதை விடயத்தில் இந்த வழக்கம் முற்றாகவே தோற்றுப்போகிறது. கேட்டால், “அதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், தாங்கிக்கோ” என்றுதான் பதில் வரும். அனுபவித்து முடித்தவருக்கு அது கட்டிமுடித்த கடன். சிலர் இப்போது மறுபக்கத்தில் நிற்பவர்கள், அவர்களிடம் நேர்மையான பதிலை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதையால் இறந்தார். அடுத்த ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது: பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டு வரை. கால் நூற்றாண்டு தாண்டி, 2025 ஏப்ரல் இறுதியில் நம் மாகாணத்தின் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதை பற்றிய விசாரணையில் மாணவர்கள் கைதாயினர். சட்டம் இருப்பதை வைத்து ஒரு பீடத்தின் சூழலை ஊகிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெளிநாட்டு வாய்ப்பைப் பற்றி அண்ணாவிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. “அதெல்லாம் நமக்கா?” என்ற நினைப்பு. கேட்கும் ஓரிருவரும் பல்கலைக்கழகம் எத்தனை நாடுகளோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். இரண்டு வாய்ப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படிக்கும்போதே ஒரு தவணை ஐரோப்பாவுக்குப் போய்வரும் எராஸ்மஸ் பிளஸ் போன்ற பரிமாற்றம் இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான உடன்பாட்டால் நடப்பது. அங்கே எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்பது முக்கியம். பட்டத்துக்குப் பிறகு வரும் எராஸ்மஸ் முண்டுஸ், பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய அரசின் புலமைப்பரிசில் போன்றவை ஆளைப் பார்த்துக் கொடுப்பவை. வகுப்புச் சித்தி, ஆங்கிலம், நான்காண்டுச் சிறப்புப் பட்டமா இல்லையா என்பவைதான் அங்கே பேசும். கையில் காசில்லாத பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழியே அதிகம் திறந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கேதான் சமூகச் சூழலும் வெளிநாட்டுக் கதவும் ஒன்றையொன்று தொடுகின்றன. சில பீடங்களில் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் பேசினால் சீனியர்கள் அடக்குவார்கள். நூலகத்துக்கோ ஆங்கில வகுப்புக்கோ ஒழுங்காகப் போகிறவரைக் கேலி செய்வார்கள். சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் இந்த அடக்குமுறை, கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையைவிடத் தோட்டத்துப் பிள்ளையைத்தான் அதிகம் வெட்டுகிறது. வீட்டில் கிடைக்காத ஆங்கிலத்தை அவர் அந்த நான்கு ஆண்டுகளில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே, ‘முதல் ஆண்டில் பயப்படாமல் ஆங்கிலம் பேசலாமா?’ என்ற ஒரு கேள்வி, ஒப்பந்தப் பட்டியல் முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

யாரிடம் கேட்பது? இரண்டாம் ஆண்டில் படிக்கும் பெண்பிள்ளைகளிடம், இடையில் விட்டுவிட்டு வந்தவர்களிடம், வேறு வேறு பீடங்களைச் சேர்ந்த குறைந்தது மூவரிடம் தனித்தனியாக. போய்ப் பார்ப்பதும் பெரிய காரியமில்லை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் ரயில்பாதை பேராதனைக்குத்தான் போகிறது. சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயா நம் மாகாணத்திலேயே இருந்தும் இரத்தினபுரி, பலாங்கொடை என்று சுற்றிப் போக வேண்டிய தூரம். திறப்பு விழா, கண்காட்சி நாட்களைத் தவிர்த்துச் சாதாரண வாரநாளில் போவது நல்லது. முதலாம் ஆண்டினர் எப்படி நடக்கிறார்கள், யாரைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்பது கென்டீனில் அரை மணி நேரம் இருந்தாலே தெரிந்துவிடும்.

புள்ளி எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு இதெல்லாம் ஆடம்பரம்தான், கிடைத்ததை எடுக்க வேண்டியதுதான். ஆனால் தெரிவு செய்யும் அளவுக்குப் புள்ளி உள்ளவர்களும் வெட்டுப்புள்ளி கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி, தமக்குப் பிடிக்காத பீடத்தை மேலே வைத்துவிடுகிறார்கள். ஆணைக்குழு, ஒருவருடைய புள்ளிக்கு எட்டும் தெரிவுகளில் அவர் மேலே எழுதியதைத்தான் கொடுக்கிறது. உண்மையில் விரும்பியதை முதலில் எழுதுவதால் கீழே உள்ளவற்றில் எந்த வாய்ப்பும் குறையாது. அண்ணாமார் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கும் அவர்களுடைய அண்ணாமார் சொல்லியிருக்க மாட்டார்கள்.