ஏக்கரும் பேர்ச்சும்: மாத்தளையின் குடியிருப்பு விரிவு பற்றிய ஒரு நோக்கு

விளைநிலம் குடிமனையாவதைச் சனத்தொகைப் பெருக்கத்தின் இயல்பான விளைவாகக் கொள்ளும் போக்கு எம்மிடையே வேரூன்றியுள்ளது. மாத்தளை நகரின் அயலை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும். நிலம் யாருக்காக மாறியது என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாகக் கொள்ள வழிகோலியது. கோப்பித் துரைமார் அவற்றை வாங்கினர். 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயினும், நிலமிழந்த கிராமத்தவரின் குமுறலை அதிலிருந்து பிரித்துநோக்க இயலாது. மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை வழியே நடந்துவந்த தமிழகத் தொழிலாளரே இக்காடுகளைத் தோட்டமாக்கினர். 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியபோது கோப்பி இலைநோயால் நலிவுற்றிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அவ்விடத்தைப் பெற்றன. பயிர்கள் மாறியும் தொழிலாளரின் லயன் வாழ்வு மாறவில்லை.

தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்த 1972ஆம் ஆண்டுச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் முற்போக்கானவை என்பதில் ஐயமில்லை. எனினும், 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தொழிலாளர் காணி பெறுவோர் வரிசையில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நிலச்சீர்திருத்தம் நிலத்தில் உழைத்தோரைத் தீண்டாது சென்றமை அதன் அடிப்படைக் குறைபாடாகும்.

நெல்வயலை நிரப்பி வீடமைப்பதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதி கோருகின்றது. ஆகவே நகரின் வீட்டுத் தேவை மேட்டுநிலத் தோட்டங்களைப் பெரிதும் நாடுகின்றது. ஏக்கர்க் கணக்கில் இருந்த காணி துண்டாடப்பட்டுப் பேர்ச் கணக்கில் விலைபோகின்றது. நாட்கூலியை நம்பி வாழ்வோர்க்கு அவ்விலை எட்டாக்கனியே.

அண்மைக்கால மலையக வீடமைப்புத் திட்டங்கள் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணியை அளவாகக் கொண்டன. 160 பேர்ச் ஓர் ஏக்கராகும். பாதைக்கு இடம் விடாவிடினும் ஓர் ஏக்கரில் 22 குடும்பங்களை அமர்த்தலாம். லயனிலிருந்து தனிவீட்டுக்குச் செல்வது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பயிர்செய்து வாழ்வதற்கான நிலத்தை அது வழங்கவில்லை.

எனவே, மாத்தளையின் விரிவை வீடுகளின் தொகை கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. காட்டைத் தோட்டமாக்கியோரின் வழித்தோன்றல்களுள் எத்தனை பேர் கையில் காணி உறுதி உள்ளது என்பதே அம்மதிப்பீட்டின் உரைகல்லாதல் வேண்டும் என்பது எமது கருத்து.