பாக்கஸ்: மதுவின் கடவுளும் வழிபாட்டின் பொருளும்

பண்டைய ரோமானியர் திராட்சைக் கொடிக்கும் மதுவுக்கும் உரிய கடவுளாக வணங்கியவர் பாக்கஸ். கிரேக்கர்களின் டயோனிசஸ் கடவுளே ரோமில் இப்பெயரில் அறியப்பட்டார். பிற்கால ஓவியங்கள் பலவும் அவரைக் கோப்பையும் கையுமாகக் காட்டுவதால், குடிக்கும் களியாட்டத்துக்கும் உரிய தெய்வம் என்ற அளவிலேயே அவர் பெரிதும் பேசப்படுகிறார். ரோமானியச் சான்றுகளை நோக்கினால் இப்பார்வை போதாது என்பது விளங்கும்.

லிபர் வழிபாடு

ரோமானியர் பாக்கஸைத் தங்கள் பழைய தெய்வமான லிபருடன் இணைத்துக் கண்டனர். இலத்தீனில் 'லிபர்' என்ற சொல்லுக்குச் 'சுதந்திரமானவர்' என்றும் பொருள் உண்டு. தானியக் கடவுள் செரஸ், லிபர், அவரது துணையான லிபரா ஆகிய மூவருக்கும் கி.மு. 493இல் அவெந்தின் குன்றில் கோயில் அமைந்தது. உயர்குடியினருக்கு எதிராக உரிமை கோரிய பிளெபியர் என்னும் பொதுமக்களுக்கு அக்கோயில் முக்கிய மையமாக விளங்கியது. ஆண்டுதோறும் மார்ச் 17 அன்று லிபராலியா விழா நடந்தது. ஐவி இலை முடி சூடிய முதிய பெண்கள் தேன் பணியாரங்களைப் படைத்து விற்றனர். சிறுவர்கள் பலர் வளர்ந்த ஆணுக்குரிய டோகா உடையை முதன்முதலாக அணிந்து, முழுக் குடிமக்களாயினர். ஆகவே லிபர் மதுவுக்கு மட்டுமன்றி வளர்ச்சிக்கும் குடியுரிமைக்கும் உரிய தெய்வமாகவும் இருந்தார்.

கி.மு. 186ஆம் ஆண்டுத் தடை

கிரேக்கச் சாயலுடன் பரவிய பாக்கனாலியா என்ற இரகசியச் சடங்குகளைக் கி.மு. 186இல் ரோமானிய செனட் ஒடுக்கியது. இதை விரிவாகக் கூறுபவர் வரலாற்றாசிரியர் லிவி. தொடக்கத்தில் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த சடங்கில் பின்னர் ஆண்களும் சேர்க்கப்பட்டனர் என்றும், பகலில் நடந்தது இரவுக்கு மாறியது என்றும், போலி ஆவணம், நஞ்சூட்டல், கொலை ஆகியவை மலிந்தன என்றும் அவர் எழுதுகிறார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் ஈடுபட்டதாகச் சொல்லப்பட்டது என்கிறார். ஆனால் லிவி எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர். அவரது விவரிப்பில் நாடகத்தன்மையும் மிகுதி.

இதற்கு மாறாக, அக்காலத்திலேயே பொறிக்கப்பட்ட சான்று ஒன்றும் உள்ளது. 1640இல் தென் இத்தாலியின் திரியோலோவில் கிடைத்த வெண்கலப் பட்டயம் செனட்டின் ஆணையைத் தாங்கியுள்ளது. இன்று அது வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. ஆண்கள் பூசாரியாகக் கூடாது. பொது நிதி வைத்திருக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் உறுதிமொழி எடுக்கக் கூடாது. அனுமதியின்றி இரண்டு ஆண்கள், மூன்று பெண்களுக்கு மேல் சடங்குக்குக் கூடக் கூடாது என்பன அதன் விதிகளுள் சில. மீறுவோருக்கு மரண தண்டனை. குறைந்தது நூறு செனட்டர்கள் கூடிய அவையின் ஒப்புதலுடன் விலக்குப் பெறலாம்.

இந்த ஆணையில் மது பற்றி ஒரு சொல்லும் இல்லை. லிவி அடுக்கும் குற்றங்கள் நடக்கவே இல்லை என்பதற்கு இது சான்றாகாது. எனினும் ஆட்சியாளர்களை அச்சுறுத்தியது எது என்பதை இது காட்டுகிறது. ஆண்களும் பெண்களும், குடிமக்களும் பிறரும் ஒன்றுகூடி, தமக்கெனத் தலைமையும் நிதியும் உறுதிமொழியும் கொண்ட ஓர் அமைப்பாவதையே செனட் கட்டுப்படுத்த முயன்றது. கடவுளை அது முற்றாக விலக்கவில்லை. வழிபாட்டைத் தன் அனுமதிக்குள் கொண்டுவந்தது.

பிற்காலப் பொருள்

தடைக்குப் பின்னரும் பாக்கஸ் மறையவில்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகருக்கு அருகிலுள்ள 'மர்மங்களின் மாளிகை' சுவரோவியங்களின் நடுவில் அவர் இடம்பெறுகிறார். அவை ஒரு பெண் பாக்கஸ் சடங்கில் சேர்வதைக் காட்டுவதாகப் பலரும், திருமண ஆயத்தத்தைக் காட்டுவதாகச் சிலரும் கருதுகின்றனர். கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளின் கல் சவப்பெட்டிகளில், உறங்கும் அரியாட்னியைப் பாக்கஸ் வந்தடையும் காட்சி செதுக்கப்பட்டது. மரணத்தை, கடவுள் வந்து எழுப்பும் உறக்கமாகக் காணும் நம்பிக்கையை இதில் உணரலாம்.

மது இவ்வழிபாட்டின் அடையாளமாக இருந்தது உண்மையே. ஆயினும் அதைச் சுற்றி நின்றவை விடுதலை, ஒன்றுகூடல், மறுவாழ்வு ஆகியவை. பாக்கஸைக் குடியின் கடவுள் எனச் சுருக்கினால், ஐவருக்கு மேல் கூடுவதற்குக்கூட ஒரு பேரரசு ஏன் அஞ்சியது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.