சிட்டி பேசிய காலம்

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரம் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் இந்த வழக்கைக் கிளப்பலாம். ஷங்கரின் ரஜினி படங்களில் 'எந்திரன்' ஒசத்தியா, அதன் தொடர்ச்சியான '2.0' ஒசத்தியா? மூன்றாவது வருமா, வந்தால் உருப்படுமா? என் சித்தப்பா மகன் இரண்டாம் படத்தின் கட்சி. "அண்ணே, முழுப் படத்தையும் 3டி கேமராவுலயே எடுத்தாங்க. 500 கோடிக்கு மேல செலவு. உலகம் பூரா ஓடிச்சு. இன்னும் என்னண்ணே வேணும் உங்களுக்கு?" என்பான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "தம்பி, அந்தப் படத்துல சிட்டி சொன்னதுல ஒரு வரி சொல்லு." அவன் யோசிப்பான். முதல் படத்திலிருந்து கேட்டிருந்தால் டீ ஆற்றுகிறவரே சொல்லிவிடுவார், ஒற்றை எழுத்தில்.

"மே."

அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வரிசை வரிசையாக இயந்திர மனிதன் சிட்டியின் நகல்கள் நிற்கின்றன. எல்லாம் ரஜினி முகம். அவற்றுக்குள் எங்கோ ஒரு மனிதன், சிட்டியைப் படைத்த விஞ்ஞானி வசீகரன், இமை அசையாமல் ஒளிந்து நிற்கிறான். வில்லனாக்கும் சிவப்புச் சிப் ஏறிய சிட்டி, தலைமுடியில் வெள்ளைக்கீற்றோடு, அவசரமே இல்லாமல் நடந்து வருகிறான். கூட்டத்தில் ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவன் அனுபவிக்கிறான். அந்த 'மே'யை அவன் இழுக்கிற இழுப்பில் ஆடும் இருக்கிறது, ஆட்டை அறுக்கப்போகிறவனும் இருக்கிறான். ஒரு இயந்திரம் முதன்முறையாகக் கேலி செய்யக் கற்றுக்கொண்ட நொடி அது. கேலி வந்துவிட்டால் அப்புறம் அது இயந்திரம் இல்லை. படம் இரண்டேமுக்கால் மணி நேரம் சொல்ல வந்தது இதைத்தானே? அதை ஒரே எழுத்தில், பின்னணியில் எந்த வெடிச்சத்தமும் இல்லாமல் சொல்லிவிட்டார் மனிதர்.

இதை எந்தக் கணினியும் அவருக்குக் கொடுக்கவில்லை. 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) காலத்து ரஜினி அது. அந்தக் கண்ணின் ஓரச் சிரிப்பு, எதிராளியை வாயால் சீண்டிப் பார்க்கிற சுகம் எல்லாம் நாயகனான பிறகு மூட்டைகட்டிப் பரணில் போடப்பட்டிருந்தன. 'சந்திரமுகி' (2005) வேட்டையனாகக் கொஞ்ச நேரம் இறக்கிக் காட்டினார். 'எந்திரன்' கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் முழுதாக அவிழ்த்துவிட்டார். நல்லவனான வசீகரனை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, பாருங்கள். இந்தத் தொடரின் சொத்து சிட்டிதான். சிட்டியின் சொத்து அவன் வாய்.

அந்த வாயைச் செதுக்கியவர்களில் முதல் பெயர் எழுத்தாளர் சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தோடு பழகியவர், 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவைத்து நம் தலைமுறையைக் கவிழ்த்தவர். இயந்திரம் எப்படிப் பேசினால் வேடிக்கையாக இருக்கும் என்று அவருக்குக் கை பழகியிருந்தது: கேட்ட கேள்விக்கு அச்சுப்பிசகாமல் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பிசகாமையே சிரிப்பாக வேண்டும். அரங்கில் ஒருவர் கடவுள் இருக்கிறாரா என்று கேட்க, கடவுள் என்றால் யார் என்று சிட்டி திருப்பிக் கேட்பான். படைத்தவர் என்பார்கள். என்னைப் படைத்தவர் வசீகரன், அப்படியானால் இருக்கிறார் என்று முடித்துவிடுவான். வசீகரனின் காதலி சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப்போய், கொசுக்கூட்டத்திடம் பஞ்சாயத்து பேசி, கையோடு பிடித்து வந்து மன்னிப்புக் கேட்க வைப்பான். அந்தக் கொசுவுக்கு ரங்குஸ்கி என்று பெயர், சுஜாதாவின் எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயரை அறிந்த வாசகர்களுக்கு அந்த இடத்தில் தனியாக ஒரு சிரிப்பு. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். படம் திரைக்கு வந்தது 2010 அக்டோபர் 1. ஷங்கரும் மதன் கார்க்கியும் மீதியைச் சேர்த்துப் பூர்த்தி செய்தார்கள், ஒட்டுத் தெரியாமல்.

கலை இயக்குநர் சபு சிரிலுக்கும் வரைகலையைக் கவனித்த ஸ்ரீநிவாஸ் மோகனுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது, நியாயமான விருதுகள். இயந்திர உருவங்களைச் செய்தது ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையிலிருந்து வளர்ந்த குழு. ஆனால் நீதிமன்றம் கலைக்கச் சொன்ன பிறகு சிட்டி தன்னைத்தானே ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி வைக்கிற காட்சியில் நாம் திருகாணிகளையா பார்த்தோம்? அவன் ஒவ்வொருவரிடமும் விடைபெறுகிற பேச்சைத்தான் கேட்டோம். உடல் குறையக் குறையக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. வரைகலை அங்கே பேச்சுக்கு வேலைக்காரன்.

2018 நவம்பர் 29 அன்று வந்த '2.0'இல் இந்த முறை தலைகீழானது. மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஊரிலுள்ள செல்பேசிகள் எல்லாம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கிற தொடக்கம் அபாரம். பறவையியலாளர் சாலிம் அலியை நினைவுபடுத்தும் பக்ஷிராஜனாக அக்ஷய் குமார் தளர்ந்த நடையில் வரும் பகுதி மனதைப் பிசைகிறது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவையும் ரசூல் பூக்குட்டியின் ஒலியையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நான் பார்த்த அரங்கில் கொடுத்த கண்ணாடி கீறல் விழுந்து கிடந்தது. படம் முழுக்க இருட்டாகத்தான் தெரிந்தது. 3டி இல்லாமல் பார்த்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது. சனா தொலைபேசிக் குரலாகச் சுருங்கிவிட்டாள். சிட்டி வந்ததும் சண்டைக்குப் போகிறான். ஜெயமோகன் வசனம் எழுதியும் சிட்டிக்குப் பேச இடம் இல்லை. இடம் இல்லாத கதையில் யார் எழுதினாலும் இதே கதிதான். கடைசியில் பெண் ரோபோ நிலா சிவப்புச் சிப்பைச் செருகி பழைய வில்லனை எழுப்பியதும் கொட்டகை நிமிர்ந்து உட்கார்ந்ததே, அதுவே எனக்குச் சாட்சி. புறா மேல் ஏறி வரும் குட்டி 3.0க்கு விழுந்த கைத்தட்டலும் அவன் வாய்க்கொழுப்புக்கு விழுந்ததுதான்.

வசூலை வைத்துப் படத்தின் ஆரோக்கியத்தை அளக்கிறவர்களுக்குப் புதுச்சேரிக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக நம்மூர்த் தாவரவியல் பூங்காவை விலங்குக்காட்சி சாலையாக மாற்றினார்கள். 2013இல் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் நான்கு. அதில் ஒன்று காட்சி விளைவுகளுக்கு. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விருது மேடைக்குச் சில நாட்கள் முன்னால் திவால் மனு கொடுத்துவிட்டது. படம் கோடிகளைக் குவித்த அதே நேரத்தில் படத்தை உண்டாக்கிய கைகளுக்குச் சம்பளம் நிச்சயமில்லை. அப்புறம் எதை வைத்து ஆரோக்கியம் என்கிறீர்கள்? '2.0' கணக்கும் ஒரே திசையில் போகவில்லை. இங்கே முதல் வாரம் திருவிழா. 2019 செப்டம்பரில் சீனாவுக்குப் போனபோது எதிர்பார்த்தது நடக்கவில்லை.

வசூலை நம்பி அடுத்த பாகம் எடுக்கிற இந்த நோய் தமிழுக்குப் புதிதும் அல்ல. வேலு பிரபாகரன் 1989இல் 'நாளைய மனிதன்' எடுத்தார், ஓடியது, மறு ஆண்டே 'அதிசய மனிதன்' என்று அடுத்த பாகம். அந்தத் தொடரைப் பற்றி இன்று யாராவது சண்டை போடுகிறார்களா? 'எந்திரன்' பற்றிப் போடுகிறார்கள் என்பதே அதற்கு உயிர் இருப்பதன் அடையாளம். ரவிக்குமார் 2015இல் 'இன்று நேற்று நாளை' என்ற சின்னப் படத்தில் ஒரு கால இயந்திரத்தையும் இரண்டு வெட்டிப் பையன்களையும் வைத்துக்கொண்டு, பேச்சாலும் சிக்கலாலுமே நம்மை உட்காரவைத்தார். அதே இயக்குநர் வருடக்கணக்கில் வரைகலைக்காகக் காத்திருந்து 2024 பொங்கலுக்கு 'அயலான்' கொடுத்தார். வேற்றுக்கிரகவாசி அழகாகத்தான் இருந்தான். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். தம்பிக்குப் பின்னது.

அவன் இப்போது 'கல்கி 2898 ஏடி'யைக் காட்டி, அந்த அளவுக்குப் பணம் இறங்கினால் 3.0 நிச்சயம் ஜெயிக்கும் என்கிறான். ஷங்கரின் 'இந்தியன் 2', 'கேம் சேஞ்சர்' இரண்டும் பட்ட அடிக்குப் பிறகு யார் அந்தப் பணத்தை இறக்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. முதல் படத்தின் கடைசியில் 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் கழற்றி வைக்கப்பட்ட சிட்டியிடம் ஒரு பள்ளிப்பிள்ளை கேள்வி கேட்கும், அவனும் பதில் சொல்வான். அந்த 2030க்கு நாம் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற இயந்திரம் இன்று பள்ளிப்பிள்ளைகள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சிட்டிக்குப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் வராது. அவனை மறுபடி பூட்டுவதானால் ராட்சதப் பறவையோடு மோத விட வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே நாலு பேரை உட்காரவைத்து, கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காட்சியை எழுதத் தெரிந்தவரை முதலில் பிடியுங்கள். கேமரா எத்தனை கண்ணுள்ளது என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.