முன்னால் இரக்கம், பின்னால் வர்க்கம்

லத்தீன் அமெரிக்க எழுத்தை நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வாசித்து வருகிறோம். இதில் எதை இழக்கிறோம் என்று பேச்சு வந்தால் உடனே 'கவித்துவம்', 'தொனி' என்று பெரிய வார்த்தைகளுக்குப் போய்விடுகிறோம். ஒரு சாதாரணப் பெயரடையிலிருந்து தொடங்கலாமே.

'போப்ரே'. அகராதியில் பார்த்தால் ஏழை. ஸ்பானிய மொழியில் பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால் வரும். 'ஓம்ப்ரே போப்ரே' என்றால் காசில்லாத மனிதன். அதையே முன்னால் தூக்கிப் போட்டு 'போப்ரே ஓம்ப்ரே' என்றால், 'பாவம்யா அந்த மனுஷன்' என்றாகிவிடும். அவன் பணக்காரனாகக்கூட இருக்கலாம். பின்னால் நிற்கும் சொல் அவனை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு வகையில் சேர்க்கிறது. முன்னால் நிற்பது, பேசுகிறவரின் மனநிலையை அவன்மேல் ஏற்றுகிறது. (இரும்புச் சட்டமல்ல, பெரும்போக்கு.) ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தொடர்தான். அங்கிருந்து பெயர்க்கிறவர் பண்ணையார்மேல் காட்டிய பரிதாபத்தை வறுமையாக்கிவிடலாம். அல்லது நிலமற்ற கூலியின் வர்க்க நிலையை வெறும் பரிதாபமாகக் கரைத்துவிடலாம். இரண்டாவதுதான் எனக்குக் கவலை.

தமிழில் பெயரடைக்கு ஒரே இடம், பெயருக்கு முன்னால். ஸ்பானியம் இடத்தால் சொல்வதை நாம் வேறு சொல்லால்தான் சொல்லியாக வேண்டும். பேச்சில் அது கைவசம் இருக்கிறது. எழுத்தில் 'பாவம்' என்று போட நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏனோ கூச்சம்.

'கிராண்டே'யும் இப்படித்தான். பின்னால் வந்தால் ஆள் உருவத்தில் பெரியவர். முன்னால் வந்தால் 'கிரான்' என்று குறுகி, மகத்தானவர். 'வியேஹோ அமிகோ' நெடுநாள் சிநேகிதன். திருப்பிப் போட்டால் வயசான சிநேகிதன்.

இடம் மாறாமலே அர்த்தம் தலைகீழாவதும் உண்டு. பல பெயரடைகள் பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறும். 'ஓம்ப்ரே பூப்லிகோ' பொதுவாழ்வில் இருக்கும் பிரமுகர். 'முஹேர் பூப்லிகா' என்றால் அகராதிகளில் நெடுங்காலமாக விலைமகள். ஈறுதான் மாறியது என்கிறது இலக்கணம். யாருடைய இலக்கணம்?

நாம் சிரிக்க வேண்டாம். 'பொதுமக்கள்' என்றால் நாம் எல்லோரும். 'பொதுமகளிர்' யார் என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஸ்பானிய நாவலொன்றில் 'முஹேர் பூப்லிகா' வந்தால் 'பாலியல் தொழிலாளி' என்று திருத்தமாகப் பெயர்க்கலாம், மரியாதையும் காப்பாற்றப்படும். ஆனால் வசையின் வன்முறை துடைக்கப்பட்டுவிடும். நான் 'பொதுமகள்' என்றுதான் எழுதுவேன். இரண்டு மொழிகளின் ஆணாதிக்கமும் அந்த ஒரு சொல்லில் அகப்படுகிறது.